ஆட்டம் யாருடையது?

(வாசகசாலை ஒன்றில் வாலிபர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்துக்கு விஷயத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நீங்கள்தான். "கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டிகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். எனக்கு இந்த விஷயம் புதிது. நம்மில் மூத்தவர்கள் சிலர், "அது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோடிக்கணக்கான வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்துவிட்ட ஒரு காரியத்தை 'சீ' என்று ஒதுக்கித் தள்ளுவது நமக்கு அழகல்ல. அதில் உழைப்பு இருக்கிறதா, கூலி இருக்கிறதா, முதலாளி இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன!

எல்லா ஆட்டங்களையும் இன்று சொல்லி முடிக்க முடியாது. ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஸ்டார்கிராஃப்ட். இந்த ஆட்டத்தில் தென் கொரியா என்ற ஒரு சிறு தேசம் ஏறக்குறைய இருபது வருஷ காலம் உலகத்தையே மண்ணைக் கவ்வ வைத்தது. கொரியர் அல்லாத ஆட்டக்காரர்கள் அனைவருக்கும், அவர்கள் எந்தத் தேசத்தவராயினும், 'வெளிநாட்டார்' என்ற ஒரே பெயர்தான். உலகம் முழுவதும் வெளிநாடு. கொரியா ஒன்றுதான் உள்நாடு! இந்த ஆதிக்கம் எப்படி வந்தது? எப்படி உடைந்தது? உடைந்ததனால் யாருக்கு லாபம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவோம்.

நான்கு தொழிலாளிகளில் தொடங்கும் ஆட்டம்

ஆட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இருவர் எதிரெதிராக உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு நிலப்பரப்பு. 1998-ல் வெளிவந்த முதல் ஆட்டத்தில், தொடக்கத்தில் ஆளுக்கு நான்கு தொழிலாளிகள் மட்டுமே இருப்பார்கள். அவர்கள் கனிமம் வெட்ட வேண்டும், எரிவாயு எடுக்க வேண்டும். அந்த வருமானத்தில் கட்டடம் கட்டி, படை திரட்டி, எதிரியை முறியடிக்க வேண்டும். தொழிலாளி இல்லையேல் படையில்லை; படையில்லையேல் வெற்றியில்லை. ஆட்டத்தின் முதல் பாடமே இதுதான். இந்தப் பாடத்தை ஆட்டத்தின் சொந்தக்காரர்கள் படித்தார்களா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இது சும்மா பொத்தானை அமுக்குகிற காரியமல்ல. தேர்ந்த ஆட்டக்காரரின் விரல்கள் நிமிஷத்துக்கு முன்னூறு தடவைக்கு மேல் இயங்குகின்றன. மூளையோ சதுரங்கம் ஆடுகிறவனுடையதைப் போல வேலை செய்ய வேண்டும். சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் கண்ணுக்குத் தெரியும். இங்கே அவன் படை இருட்டில் மறைந்திருக்கிறது. ஆள் அனுப்பி உளவறிய வேண்டும். ஆகவே இதற்குப் பயிற்சி வேண்டும், சாதனம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். நேரத்துக்குச் சோறு வேண்டும். அந்தச் சோற்றை யார் போட்டார்கள் என்பதிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

நெருக்கடியில் பிறந்த ஆதிக்கம்

கொரியர்கள் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள், அவர்கள் விரல்கள் வேறு மாதிரி என்றெல்லாம் மேனாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இது வெறும் பேச்சு. சரித்திரத்தைப் பாருங்கள்.

1997 கடைசியில் தென் கொரியாவின் நாணயம் சரிந்தது. சர்வதேச நிதி நிறுவனத்திடம் அந்நாட்டு அரசு கடனுக்குக் கையேந்தியது. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. 1998 பிப்ரவரியில் ஆட்குறைப்புக்கு வழிவகுத்து தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வருஷம் வேலையில்லாதோர் தொகை இரண்டு மடங்குக்கு மேலே போயிற்று. வேலை போனவர்களில் பலர், கையில் கிடைத்த பணத்தைப் போட்டு, பத்து இருபது கம்ப்யூட்டர்கள் கொண்ட கடைகளைத் திறந்தார்கள். இவற்றுக்கு 'பி.ஸி. பாங்' என்று பெயர். 'பாங்' என்றால் அறை. வேலையில்லாத வாலிபன் சொற்பக் காசில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க அதைவிட மலிவான இடம் வேறில்லை. சரியாக அந்த நேரத்தில், 1998 மார்ச் 31-ந் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ப்ளிஸார்ட் என்ற கம்பெனி ஸ்டார்கிராஃப்டை வெளியிட்டது. அதிவேக இணையக் கம்பிகளை அரசு ஊர் ஊராகப் பரப்பியது. சில வருஷங்களில் இந்த அறைகள் இருபதாயிரத்தைத் தாண்டின.

அடுத்து டெலிவிஷன் வந்தது. 2000-ல் இந்த ஆட்டங்களுக்கென்றே ஆன்கேம்நெட் என்ற தனி ஒளிபரப்பு தொடங்கியது. அதே வருஷத்தில் கொரிய மின்விளையாட்டுச் சங்கமும் ஏற்பட்டது. பெரிய முதலாளிகள் விளம்பரத்துக்காகக் குழுக்கள் அமைத்தார்கள். எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் என்று அத்தேசத்தின் ஏகபோகங்கள் அத்தனையும் களத்தில் இறங்கின. 2004-ல் பூசான் நகரக் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்று செய்தி வந்தது. ராணுவ சேவை கட்டாயமான தேசமாகையால், விமானப்படை கூட 2007-ல் ஒரு குழுவை நிறுவியது!

பையன்கள் ஒரே வீட்டில் தங்கினார்கள். ஒரே கூடத்தில் படுத்தார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் ஆடினார்கள். நட்சத்திர ஆட்டக்காரருக்கு நல்ல சம்பளம். அவருக்குப் பயிற்சித் துணையாக ஆடிய இரண்டாந்தரப் பையன்களில் பலருக்குச் சோறும் படுக்கையுமே கூலி. கொரிய ஆதிக்கத்தின் ரகசியம் இதுதான், தோழர்களே! விரலில் மந்திரமில்லை. அமைப்பு இருந்தது, அந்த அமைப்பின் அடித்தளத்தில் கூலியில்லா உழைப்பு இருந்தது.

பலன் என்ன? 2000-ல் கியோம் பாட்ரி என்ற கனடா வாலிபர் கொரிய டெலிவிஷன் லீகில் வென்றார். அதற்குப் பிறகு அந்த லீகில் அந்நியர் எவரும் வெல்லவில்லை. 'உலக ஸைபர் ஆட்டங்கள்' என்ற சர்வதேசப் பந்தயத்தில் 2001 முதல் 2010 வரை பத்து வருஷங்களும் இந்த ஆட்டத்தின் தங்கப் பதக்கம் கொரியாவுக்கே போயிற்று.

வெளியே முளைத்த விதைகள்

வெளியே ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. ஸ்வீடனில் 1994-ல் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சில வாலிபர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து கூடினார்கள். அந்தக் கூட்டம்தான் பிற்காலத்தில் ட்ரீம்ஹாக் என்ற பெரும் விழாவாக வளர்ந்தது.

போலந்தில் கத்தோவிச்சே என்ற நகரம் இருக்கிறது. சைலீஷியா நிலக்கரி வயலின் நடுவே உள்ள சுரங்கத் தொழிலாளர் நகரம் அது. 1823-ல் தோண்டத் தொடங்கிய நகரத்துச் சுரங்கம் 1999-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் அருங்காட்சியகம் எழுந்தது. அதற்குப் பக்கத்தில், 1971-ல் திறந்த ஸ்போடெக் என்ற வட்டமான அரங்கம் நிற்கிறது. 'ஸ்போடெக்' என்றால் சாஸர், தேநீர்த் தட்டு. 2013 முதல் அந்த அரங்கத்தில் மின்விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தன. 2017-ல் மட்டும் 1,73,000 பேர் வந்ததாக நடத்தியவர்கள் கணக்குக் கொடுத்தார்கள். நிலக்கரி போன இடத்தில் ஆட்டம் வந்தது. அந்த நகரத்துக்கு அதில் பெருமை உண்டு, தவறில்லை. ஆனால் சுரங்கம் வருஷம் முழுவதும் வேலை கொடுத்தது. பந்தயமோ சில நாட்களோடு முடிந்துவிடுகிறது. இதையும் மறக்கக்கூடாது.

2010 ஜூலையில் ஸ்டார்கிராஃப்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பந்தயங்கள் பெருகின. "இனி எல்லோரும் சமம், புதிய ஆட்டம், புதிய கணக்கு" என்றார்கள். என்ன நடந்தது? 2013-ல் ப்ளிஸார்ட் கம்பெனி உலகத் தொடரை அமெரிக்கா, ஐரோப்பா, கொரியா என்று மூன்றாகப் பிரித்தது. அவ்வருஷம் அமெரிக்காவில் மூன்று பருவங்கள், ஐரோப்பாவில் மூன்று பருவங்கள். ஆறிலும் பட்டம் வென்றவர்கள் கொரியர்கள்! 2012 முதல் 2017 வரை ஆறு உலகப் பட்டங்களும் கொரியர்களுக்கே.

எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்பது முதலாளித்துவப் பொருளாதாரம் நமக்குக் கற்றுத்தருகிற பாடம். இங்கேயோ கதவு திறந்திருந்தது. உள்ளே வந்தவன் பலசாலி. பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி பெற்றவனும், பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலையில் ஆடுகிறவனும் ஒரே களத்தில் நின்றால் அது சமபலப் போட்டியாகுமா?

ஒதுக்கீடு வந்தது

2015-ல் நிலைமை மாறத் தொடங்கியது. வெளியே நடக்கும் தொடரில் ஆட வேண்டுமானால், அந்தந்தப் பிரதேசத்தில் சட்டப்படி குடியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2016-ல் அது இன்னும் இறுகியது. கொரியத் தொடர் ஒன்று, வெளிநாட்டார் தொடர் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். இறுதிப் பந்தயத்துக்கு இதிலிருந்து எட்டுப் பேர், அதிலிருந்து எட்டுப் பேர். மில் துணியோடு மோத முடியாத கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கி வைத்தார்கள் அல்லவா? அது போன்றதுதான் இதுவும்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. "திறமைசாலியைத் தடுத்து, திறமையற்றவனுக்குப் பரிசா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த கொரிய ஆட்டக்காரனும் உழைப்பாளிதான். அவனுக்கு அந்த விதி ஓர் அடிதான். ஆனால் விதியின் பலனையும் பார்க்க வேண்டும். சில ஆயிரம் டாலர் நிச்சயமாகக் கிடைக்கும் என்றால், ஓர் ஐரோப்பிய வாலிபன் இரண்டு வருஷம் முழுநேரமும் பயிற்சி செய்யத் துணிவான். அப்படித் துணிந்தவர்கள் வந்தார்கள்.

2016-ல் அலெக்ஸ் சண்டர்ஹாஃப்ட் என்ற அமெரிக்கர் கொரிய மண்ணிலேயே கொரியச் சங்கக் கோப்பையை வென்றார். பாட்ரிக்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து வந்த வெற்றி அது. 2018-ல் பின்லாந்தின் ஜோனா சோட்டலா புறப்பட்டார். 'செரல்' என்பது அவர் ஆட்டப் பெயர். 1998 மார்ச் 22-ல் பிறந்தவர். ஆட்டம் பிறப்பதற்கு ஒன்பதே நாள் முன்னால்! அவ்வருஷம் வெளிநாட்டார் தொடரின் நான்கு பந்தயங்களையும் அவரே வென்றார். ஸியோலில் கொரியர்களையும் மற்றவர்களையும் மோதவிட்ட பந்தயத்திலும் வென்றார். நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த உலக இறுதிப் போட்டியில் கொரியாவின் கிம் தே-யோப்பை 4-க்கு 2 என்று தோற்கடித்து, கொரியர் அல்லாத முதல் உலகச் சாம்பியன் ஆனார். 2021-ல் கத்தோவிச்சேப் பந்தயத்தை இத்தாலியின் ரிக்கார்டோ ரோமிட்டி வென்றார். 2023-ல் சீனாவின் லி பெய்னான். 2024-ல் ரியாத்தில் நடந்த பெரும் பந்தயத்தில் பிரான்சின் கிளெமான் தெப்ளாஞ்ச். பின்லாந்து, இத்தாலி, சீனா, பிரான்ஸ்! 'வெளிநாடு' விழித்துக்கொண்டது!

ஆகவே ஒன்று நிச்சயமாயிற்று. திறமை எந்தத் தேசத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தல்ல. வாய்ப்பும் வருமானமும் கிடைத்த இடத்தில் அது முளைக்கிறது.

மறு பக்கம்

ஆனால், நண்பர்களே, இத்தோடு கைதட்டிவிட்டு எழுந்து போய்விடக்கூடாது. வெளியே வளர்ந்தது பாதிக் கதை. உள்ளே இடிந்தது மறு பாதி.

2010-ல் கொரியாவில் ஆட்டக்காரர்கள் சிலர் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற விவகாரம் வெடித்தது. பதினொரு பேர் ஆயுள் முழுவதும் விலக்கி வைக்கப்பட்டார்கள். 2015-லும் 2016-லும் அதே நோய் மறுபடி தலைகாட்டியது. 2014-ன் உலகச் சாம்பியனே தண்டனை பெற்றார். இதற்கு வாலிபர்களின் ஒழுக்கக் கேட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிச்சயமான கூலி இல்லாத இடத்தில் தரகனின் பை கனமாகத் தெரியும். 2016 அக்டோபரில், பதினான்கு வருஷம் நடந்த குழு லீகைச் சங்கம் இழுத்து மூடியது. ஏழு குழுக்களில் ஐந்து கலைந்தன. முதலாளிகளுக்கு விளம்பரம் வேறு ஆட்டத்தில் கிடைத்தது, அங்கே போய்விட்டார்கள். சிறு வயதிலிருந்து வேறொன்றும் அறியாமல் ஆடிய பையன்கள், ராணுவ சேவைக்குப் போகும் வயதில், கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

ஆகவே வெளிநாட்டாரின் எழுச்சிக்கு ஒரு காரணம் அவர்கள் ஏறியது. மற்றொரு காரணம் கொரிய ஏணியின் கீழ்ப்படிகளை முதலாளிகள் பிடுங்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

பந்தும் மைதானமும்

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 முதல் 1972 வரை உலகப் பட்டம் சோவியத் யூனியனை விட்டு வெளியே போகவில்லை. அதுவும் ஓர் ஆதிக்கம்தான். ஆனால் சதுரங்கம் யாருக்கும் சொந்தமல்ல. பலகையும் காய்களும் எவனும் செய்யலாம். சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இருந்த டால் சதுரங்கக் கழகத்தில் ஒரு சிறு பையன் போய் ஆடிப் பழகினான். அவன்தான் பின்னால் உலகச் சாம்பியன் ஆன விஸ்வநாதன் ஆனந்த். அந்தக் காய்களை நகர்த்த அவன் எந்தக் கம்பெனியின் அனுமதியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டார்கிராஃப்ட் அப்படியல்ல. பந்து கம்பெனியுடையது, மைதானம் கம்பெனியுடையது, விதி கம்பெனியுடையது. இன்று ஒரு படைப் பிரிவின் பலத்தைக் குறைத்தால், நாளைக்கு ஒருவனின் ஐந்து வருஷப் பயிற்சி பாழாகும். ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்று கொரியச் சங்கமும் ப்ளிஸார்டும் சண்டையிட்டு, வழக்கு வரை போய், 2011-ல்தான் சமரசம் ஆயிற்று. இருவர் பேரத்திலும் ஆடுகிறவனைக் கேட்டவர் யார்?

சீனாவின் லி பெய்னான் கதையைக் கேளுங்கள். அமெரிக்கக் கம்பெனிக்கும் அதன் சீனக் கூட்டாளியான நெட்ஈஸ் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முறிந்தது. 2023 ஜனவரி 24-ந் தேதி சீனாவில் இந்த ஆட்டத்தின் கதவு அடைபட்டது. கோடிக்கணக்கான ஜனங்கள் வசிக்கும் தேசத்தில், இரண்டு கம்பெனிகளின் லாபக் கணக்கு ஒத்துப்போகாததால், ஓர் ஆட்டம் ஒரே இரவில் நின்றது! அடுத்த மாதமே கத்தோவிச்சேயில் லி பெய்னான் கொரியாவின் மிகப் பலம்வாய்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான சோ சொங்-ஜூவை 4-க்கு 1 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். சாம்பியன் இருக்கிறார், அவர் தேசத்தில் ஆட்டம் இல்லை! கம்பெனிகள் மறுபடி கை குலுக்கியது 2024-ல்தான்.

சாம்பியன் கதியே இதுவானால், ஆட்டத்தைப் படைக்கிற தொழிலாளியின் கதி என்ன? 2020 அக்டோபரில், இந்த ஆட்டத்துக்கு இனி விலைக்கு விற்கும் புதுச் சரக்கு தயாரிப்பதில்லை என்று ப்ளிஸார்ட் அறிவித்தது. 2023 அக்டோபரில் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி ப்ளிஸார்டையும் அதன் தாய்க் கம்பெனியையும் விழுங்கியது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், ஆட்டப் பிரிவில் 1,900 பேருக்குச் சீட்டுக் கிழித்தது. பந்தயம் நடத்தும் பெரிய ஸ்தாபனங்களையோ சவூதி அரசின் முதலீட்டுக் கம்பெனி 2022-ல் 150 கோடி டாலருக்கு வாங்கியது. நேற்று ஸியோல், இன்று கலிபோர்னியா, நாளை ரியாத். ஆதிக்கம் ஆட்டக்காரர்களிடமிருந்து கலைந்தது, பணமூட்டையிடம் குவிந்தது. இதுதான் மூன்றாவது கேள்விக்குப் பதில்!

வழி என்ன?

மனம் சோர வேண்டியதில்லை. உழைப்பு இருக்கும் இடத்தில் ஒற்றுமையும் பிறக்கும். 2019-ல் கொரியாவில், வயது வராத ஓர் ஆட்டக்காரனை அநியாய ஒப்பந்தத்தில் கட்டியதாகப் புகார் எழுந்தபோது, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அரசுக்கு மனுச் செய்தார்கள். ஆட்டக்காரர்களுக்கென நியாயமான மாதிரி ஒப்பந்தம் வேண்டும் என்று 2020-ல் சட்டமே திருத்தப்பட்டது. 2024 ஜூலையில் ப்ளிஸார்டின் மற்றோர் ஆட்டத்தைத் தயாரிக்கும் ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அமெரிக்காவில் சங்கம் அமைத்தார்கள். எழுத்தரும் சித்திரக்காரரும் யந்திர நிபுணரும் ஒரே சங்கத்தில்! கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாலிப நண்பர்களே! ஆடுவதை நான் தடுக்கவில்லை. ஆடுங்கள். பின்லாந்துக்காரன் ஜெயித்தால் கைதட்டுங்கள். கொரியன் ஜெயித்தாலும் கைதட்டுங்கள். ஆனால் உங்களில் ஒருவன், "படிப்பை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். பரிசு வராத மாதத்தில் கூலி உண்டா? இருபத்தைந்து வயதுக்குப் பிறகு என்ன பிழைப்பு? கம்பெனி கதவைச் சாத்தினால் நமக்காகப் பேச ஒரு சங்கம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் நாளில்தான், அந்த ஆட்டம் ஆடுகிறவனுடைய ஆட்டமாகும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரியாததை உங்களில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.